மைக் ஏன் கூவுகிறது?

அக்டோபர் 2ஆம் தேதி. ஊரில் கிராம சபைக் கூட்டம். பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டிருக்கிறார்கள். வேப்ப மரத்தில் இரண்டு புனல் ஒலிபெருக்கிகள். குழாய் என்றுதான் ஊரில் சொல்வார்கள். தலைவர் மைக் முன்னால் வந்து நிற்கிறார். கையில் கணக்குத் தாள்.

வாயைத் திறக்கிறார். "ஊய்ங்..." என்று மைக் கூவுகிறது. குழந்தைகள் காதைப் பொத்துகிறார்கள். மைக் செட்காரர் ஓடி வந்து திருகைக் குறைக்கிறார். இப்போது கூவல் இல்லை. ஆனால் தலைவர் பேசுவதும் கேட்கவில்லை. பின்னால் இருந்தவர்கள் "சத்தமா, சத்தமா" என்கிறார்கள். திருகை ஏற்றுகிறார். மறுபடியும் "ஊய்ங்..."

கூலிக் கணக்கு வாசித்து முடிந்தது. குடிநீர்த் தொட்டிக் கணக்கும் முடிந்தது. பின் வரிசையில் இருந்த பாட்டி பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டார்: "என்னடி சொன்னாங்க?"

"யாருக்குத் தெரியும் பாட்டி? நோட்டு வருது. கையெழுத்துப் போடுங்க."

பாட்டி கையெழுத்துப் போடக் கற்றவர். போட்டார். ஆனால் எதற்குப் போட்டோம் என்று அவருக்குத் தெரியாது. கிராம சபைக்கு இடம் கொடுத்த அரசியல் சட்டத் திருத்தம் 1993ஆம் ஆண்டு நடப்புக்கு வந்தது. கணக்கைக் கேட்கும் உரிமை மக்களுக்கு இருக்கிறது. காதில் விழாத கணக்கை என்னவென்று கேட்பது?

மைக் ஏன் கூவுகிறது? அதை எப்படி நிறுத்தலாம்? இதற்கு உதவ இப்போது ஒரு சின்னப் பெட்டி கிடைக்கிறது. அது என்ன செய்யும், என்ன செய்யாது என்று பார்ப்போம்.

ஒலி போகும் வழி

நாம் பேசுகிறோம். ஒலி மைக்கில் விழுகிறது. மைக் அதை மின்சாரமாக மாற்றுகிறது. அது மிகவும் சிறிய மின்சாரம். அது கம்பி வழியாக ஆம்ப்ளிபையருக்குப் போகிறது. ஆம்ப்ளிபையர் அதைப் பெரிதாக்குகிறது. பெரிதான மின்சாரம் குழாய்க்குப் போகிறது. குழாய் அதை மீண்டும் ஒலியாக்குகிறது.

இதுவரை சரி. ஆனால் குழாயிலிருந்து வந்த ஒலி மக்கள் காதுக்கு மட்டுமா போகிறது? மைக்கின் காதுக்கும் போகிறது. மைக் அதையும் வாங்கிக்கொள்கிறது. ஆம்ப்ளிபையர் அதையும் பெரிதாக்குகிறது. குழாய் அதையும் கத்துகிறது. அந்தக் கத்தல் மறுபடியும் மைக்கில் விழுகிறது.

செக்கு மாடு போல ஒலி சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் பெருக்கிறது. ஒலி ஒரு நொடியில் ஏறக்குறைய 340 மீட்டர் போகும். குழாய் மைக்கிலிருந்து 7 மீட்டர் தூரத்தில் இருந்தால், ஒரே நொடியில் ஏறக்குறைய 50 சுற்று ஆகிவிடும். அதனால்தான் கண் மூடித் திறப்பதற்குள் கூவல் கிளம்புகிறது.

கூவும்போது எல்லா ஒலியும் சேர்ந்து கூவுவதில்லை. ஒரே ஒரு சுருதிதான் கூவுகிறது. அந்த இடத்துக்கும் அந்த மைக்குக்கும் அந்தக் குழாய்க்கும் எது மிகவும் ஒத்துப் போகிறதோ, அந்தச் சுருதி முந்திக்கொண்டு வருகிறது. இதை நினைவில் வையுங்கள். சின்னப் பெட்டியின் வேலை இங்கேதான் தொடங்குகிறது.

நம் நாட்டில் மைக் வைத்துக் கூட்டம் போடுவது நேற்று வந்த பழக்கம் அல்ல. காந்தியும் நேருவும் பேசுகிற பழைய படங்களைப் பாருங்கள். மைக்கின் மேல் 'சிகாகோ ரேடியோ' என்று எழுதியிருக்கும். அமெரிக்கக் கம்பெனி என்று பலர் நினைப்பார்கள். அல்ல. மோட்வானி குடும்பத்தாரின் கம்பெனி அது. நம் நாட்டுக் கம்பெனிதான். ஆயிரக்கணக்கான மக்கள் ஒரே நேரத்தில் ஒரு தலைவரின் பேச்சைக் கேட்க முடிந்ததில் அந்த மைக்குக்கும் பங்கு உண்டு.

காசில்லாத வைத்தியம்

பெட்டி வாங்கும் முன் செய்ய வேண்டியது இருக்கிறது. இதற்கு ஒரு பைசா செலவில்லை.

குழாயைப் பேசுகிறவருக்கு முன்னால் கட்ட வேண்டும். அதன் வாய் மக்களைப் பார்க்க வேண்டும். பேசுகிறவர் முதுகுக்குப் பின்னால் கட்டினால் அது மைக்கைப் பார்த்தே கத்தும். அப்புறம் எந்தப் பெட்டியாலும் அதை அடக்க முடியாது.

வாய்க்கும் மைக்குக்கும் நான்கு விரல் இடைவெளி போதும். பலர், முக்கியமாக முதல் முறை பேச வருகிற பெண்கள், மைக்கை வயிற்றுக்கு நேராகப் பிடிக்கிறார்கள். கூச்சம்தான் காரணம். மைக் செட்காரர் போய், "அம்மா, வாய்க்குப் பக்கத்தில் பிடியுங்கள்" என்று மெல்லச் சொல்ல வேண்டும். தூரம் பாதியானால் மைக்கில் விழும் ஒலியின் வலிமை நான்கு பங்காகும். திருகை ஏற்றாமலே கிடைக்கிற நான்கு பங்கு இது. மைக்கின் தலையைக் கையால் மூடிப் பிடிக்கக் கூடாது. மூடினால் கூவல் குறையும் என்று சிலர் நினைக்கிறார்கள். கூடத்தான் செய்யும்.

பேசாத மைக்கை அணைத்து வையுங்கள். மேடையில் நான்கு மைக் திறந்திருந்தால், நான்கு கதவு திறந்த வீடு மாதிரி. கூவல் எந்தக் கதவு வழியாகவும் நுழையும்.

இவ்வளவும் செய்த பிறகும் சில இடங்களில் கூவும். அப்போதுதான் பெட்டி.

சின்னப் பெட்டி

கடைக்காரர்கள் இதைப் பிராசசர் என்பார்கள். சிலர் டி.எஸ்.பி. என்பார்கள். சின்ன வகைப் பெட்டி ஏறக்குறைய பள்ளிக்கூடச் சிலேட்டு அளவுதான் இருக்கும். பின்பக்கம் ஒயர் செருகும் துளைகள். முன்பக்கம் சில விளக்குகள், சில பொத்தான்கள். சிலவற்றில் சிறு திரை. சிலவற்றைக் கம்ப்யூட்டரிலோ செல்போனிலோ இணைத்துத்தான் அமைக்க வேண்டும்.

உள்ளே என்ன நடக்கிறது? கணக்குதான் நடக்கிறது. பெட்டி ஒலியை எண்களாக மாற்றுகிறது. பல பெட்டிகள் ஒரு நொடிக்கு 48,000 முறை ஒலியை அளந்து எண்ணாக எழுதிக்கொள்கின்றன. அந்த எண்களைக் கூட்டுகின்றன, பெருக்குகின்றன. பிறகு மீண்டும் மின்சாரமாக மாற்றி வெளியே அனுப்புகின்றன. நாம் நோட்டில் போடுகிற அதே கூட்டல், பெருக்கல்தான். வேகம்தான் வேறு. எல்லாம் முடிய ஒரு நொடியில் ஆயிரத்தில் சில பங்கு நேரமே ஆகிறது. நம் காதுக்கு அந்தத் தாமதம் தெரியாது.

முன்பெல்லாம் ஒவ்வொரு வேலைக்கும் தனிப் பெட்டி வேண்டும். எல்லாவற்றையும் அடுக்கினால் ஒரு பீரோ போல நிற்கும். பெரிய கச்சேரிக்காரர்களால்தான் வாங்க முடிந்தது. இன்று அந்த வேலைகள் ஒரு சில்லுக்குள் அடங்கிவிட்டன. சில ஆயிரம் ரூபாய்க்கும் பெட்டி வருகிறது. சின்ன மைக் செட்காரரும் நினைத்துப் பார்க்கலாம்.

இதை எங்கே இணைப்பது? மிக்சருக்கும் ஆம்ப்ளிபையருக்கும் நடுவில். மலிவான பெட்டிகள் பெரும்பாலும் மைக்கை நேராக வாங்கிக்கொள்ளாது. மைக்கின் மின்சாரம் அதற்குப் போதாது. மிக்சர் அதைக் கொஞ்சம் பெரிதாக்கித் தர வேண்டும்.

நம் ஊர் ஆம்ப்ளிபையர் பலவற்றில் மிக்சரும் உள்ளேயே இருக்கிறது. மைக்கை அதில் நேராகச் செருகுகிறோம். அப்படியானால் நடுவில் எப்படி நுழைவது? சில ஆம்ப்ளிபையர்களின் பின்பக்கம் இதற்கென்றே இரண்டு துளைகள் இருக்கும். ஒன்றில் ஒலி வெளியே வரும். இன்னொன்றில் திரும்ப உள்ளே போகும். அவை இல்லாவிட்டால் தனியாக ஒரு சிறு மிக்சர் வேண்டும். பெட்டி வாங்கும் முன் உங்கள் ஆம்ப்ளிபையரின் முதுகைத் திருப்பிப் பாருங்கள்.

ஒன்றை மட்டும் செய்யவே கூடாது. ஆம்ப்ளிபையருக்கும் குழாய்க்கும் நடுவில் இந்தப் பெட்டியைச் செருகக் கூடாது. குழாய்க்குப் போகும் கம்பியில் 100 வோல்ட் வரை இருக்கலாம். பெட்டி அந்த நிமிடமே எரிந்துவிடும். கையை வைத்தால் கையும் தப்பாது.

கூவலைப் பிடிப்பது

ஒலியில் தடித்த ஒலி உண்டு, மெல்லிய ஒலி உண்டு. தவில் அடியின் தொப்பிப் பக்கம் தடித்த ஒலி. விசில் மெல்லிய ஒலி. ஒரு நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்பதை வைத்து இதை அளக்கிறார்கள். அந்த அளவுக்கு ஹெர்ட்ஸ் என்று பெயர். மனிதக் காதுக்கு 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். வயது ஏற ஏற மேல் பக்கம் குறையும். பேச்சுக்கு இவ்வளவும் தேவையில்லை. பழைய டெலிபோன் 300 முதல் 3,400 வரைதான் கொண்டுபோனது. அதிலேயே எல்லாம் புரிந்தது.

அதனால் முதல் வேலை, அடியில் உள்ள தடித்த ஒலியை வெட்டுவது. காற்று மோதும் ஒலி, மேசையைத் தட்டும் ஒலி, மேடைப் பலகை அதிரும் ஒலி எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. பேச்சில் புரிய வேண்டியது அங்கே அதிகம் இல்லை. ஸ்பீக்கர் பெட்டி வைத்தால் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டலாம். குழாய் கட்டினால் 250, 300 வரை வெட்டலாம். குழாயால் அதற்குக் கீழே ஒழுங்காகப் பாட முடியாது. வீணாகக் குலுங்கும். குலுங்கிக் குலுங்கியே யூனிட் போய்விடும்.

அடுத்தது கூவலைப் பிடிப்பது. கூவுவது ஒரே ஒரு சுருதி என்று பார்த்தோம். மைக் செட்காரர் என்ன செய்கிறார்? எல்லா ஒலியையும் சேர்த்துக் குறைக்கிறார். ஒரு ஆடு வேலி தாண்டினதற்கு மந்தை முழுவதையும் கட்டிப்போடுவது போல. பெட்டியில் அந்த ஒரு ஆட்டை மட்டும் பிடிக்கலாம்.

கூட்டம் தொடங்க ஒரு மணி நேரம் முன்பே இதைச் செய்ய வேண்டும். தொழில் கற்றவர் ஒருவரும் அவரிடம் வேலை செய்யும் பையனும் பேசுவதைக் கேளுங்கள்:

"தம்பி, மைக்கை அதன் இடத்துல வெச்சுட்டியா? இப்ப மெதுவா ஏத்து. ரொம்ப மெதுவா."

"ஏத்துறேன் அண்ணே... லேசா முனகுது."

"அப்படியே நிறுத்து. கத்த விடாதே. திரையில என்ன எண் காட்டுது?"

"ஆயிரத்து அறுநூறு பக்கத்துல குதிக்குது அண்ணே."

"அந்த இடத்தை மட்டும் மூணு டெசிபல் இறக்கு. நின்னுதா?"

"நின்னுடுச்சு."

"இன்னும் கொஞ்சம் ஏத்து. அடுத்தது எங்க வருதுன்னு பாரு."

"எத்தனை இடம் இறக்கணும் அண்ணே?"

"மூணு, இல்ல நாலு. அதுக்கு மேல போனா பேசுற ஆளோட குரலே மாறிடும். மூக்கடைச்சு பேசுற மாதிரி இருக்கும். நாலு இறக்கியும் கூவுச்சுன்னா பெட்டியைத் திருகாதே. எழுந்து போய் குழாயைத் திருப்பிக் கட்டு."

அண்ணன் சொல்வதில் முக்கியமான ஒன்று இருக்கிறது. இறக்கத்தான் சொல்கிறார். ஏற்றச் சொல்லவில்லை. புதிதாகப் பெட்டி வாங்குகிறவர்கள் எல்லாத் திருகையும் மேலே ஏற்றிப் பார்ப்பார்கள். அடி வேண்டும், மணி போல ஒலிக்க வேண்டும் என்று ஆசை. ஏற்ற ஏற்றக் கூவல்தான் மிஞ்சும்.

பையனுடைய பெட்டியில் திரை எண் காட்டுகிறது. எல்லாப் பெட்டியிலும் அது இருக்காது. அப்போது செல்போனில் கிடைக்கும் ஒலி அளக்கும் செயலியில் பார்க்கலாம். பழகப் பழகக் காதே சொல்லிவிடும்.

சில பெட்டிகள் கூவலைத் தாமாகவே தேடிப் பிடிக்கும். பேச்சுக்கு இது நல்ல உதவி. பாட்டுக்கு ஆகாது. நாதஸ்வரக்காரர் ஒரே சுரத்தை நீட்டிப் பிடிப்பார். வடக்கே ஷெனாய் வாசிப்பவரும் அப்படித்தான். பெட்டி அதைக் கூவல் என்று நினைத்து வெட்டிவிடும். வித்துவானுக்குக் கோபம் வரும். நியாயமான கோபம். கச்சேரி தொடங்கும் முன் அந்த வேலையை அணைத்து வைக்க வேண்டும்.

காலி மண்டபம் அதிகம் கூவும். மக்கள் வந்து உட்கார்ந்தால் குறையும். மனித உடலும் துணியும் ஒலியை உறிஞ்சிக்கொள்ளும். அதனால் சோதனையின்போது கொஞ்சம் கூவுகிறதே என்று பயந்து வெட்டிக்கொண்டே போக வேண்டாம்.

எரியாமல் காப்பது

மைக் செட்காரரின் பெரிய கவலை கூவல் அல்ல. யூனிட் எரிவதுதான். குழாயின் உள்ளே மெல்லிய கம்பிச் சுருள் இருக்கிறது. அதிக மின்சாரம் போனால் சூடாகிக் கருகிவிடும். கடன் வாங்கிச் செட் வாங்கியவர் அவர். ஒரே இரவில் இரண்டு யூனிட் எரிந்தால் அன்றைய வாடகை அதற்கே போய்விடும். தவணைக்கு என்ன செய்வார்?

எப்போது எரிகிறது? யாரோ மைக்கைக் கீழே போடுகிறார். "டம்" என்று இடி விழுந்த மாதிரி ஒலி. கல்யாணத்தில் இளைஞர்கள் வந்து "அண்ணே, இன்னும் ஏத்துங்க" என்கிறார்கள். திருகு கடைசிவரை போகிறது. ஆம்ப்ளிபையர் தன் சக்திக்கு மேல் போனால் ஒலி கரகரக்கும். அந்தக் கரகரப்புதான் கம்பிச் சுருளைச் சூடாக்குகிறது. சின்ன ஆம்ப்ளிபையர்தானே, என்ன ஆகும் என்று நினைக்க வேண்டாம். கடைசிவரை திருகினால் அதுவும் எரிக்கும்.

இதைத் தடுக்கப் பெட்டியில் லிமிட்டர் என்ற வேலை இருக்கிறது. ஏரிக் கலங்கல் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் ஒரு மட்டத்துக்கு மேல் ஏறாது. மிஞ்சியது வழிந்துவிடும். கரை தப்பிக்கும். லிமிட்டரும் அப்படித்தான். ஒலி ஒரு மட்டத்துக்கு மேல் போகாமல் பிடித்துக்கொள்கிறது.

மட்டத்தை எப்படி வைப்பது? ஆம்ப்ளிபையரின் சிவப்பு விளக்கு எப்போது மின்னத் தொடங்குகிறது என்று பாருங்கள். அதற்குச் சற்றுக் கீழே லிமிட்டரை வையுங்கள். குழாயின் வாட்ஸ் ஆம்ப்ளிபையரை விடக் குறைவு என்றால் இன்னும் கீழே வைக்க வேண்டும். வைத்த பிறகு ஆம்ப்ளிபையரின் திருகைத் தொடக் கூடாது. தொட்டால் கணக்கு மாறிவிடும். கலங்கலைக் கட்டிவிட்டு ஏரிக்கரையை இறக்கினது போல ஆகும். அனுபவம் உள்ளவர்கள் அந்தத் திருகின் மேல் டேப் ஒட்டிவிடுவார்கள். ஏற்ற இறக்க மிக்சரில் இருக்கிற திருகு போதும்.

சில பெட்டிகளுக்கு ரகசிய எண் போட்டுப் பூட்டலாம். மாப்பிள்ளையின் நண்பர்கள் வந்து கேட்டால், "பூட்டியிருக்கு தம்பி" என்று சொல்லிவிடலாம். சண்டையும் இல்லை, நஷ்டமும் இல்லை.

தூரத்தில் உள்ளவர்களுக்கு

மின்னல் முதலில் தெரியும். இடி பிறகு கேட்கும். ஒலி மெதுவாக வருவதால்தான் அப்படி. நீண்ட மைதானத்தில் இதுவே தொல்லை. மேடை அருகே ஒரு ஸ்பீக்கர், 34 மீட்டர் தள்ளி இன்னொன்று என்று வையுங்கள். பின்னால் நிற்பவருக்குப் பக்கத்து ஸ்பீக்கரின் ஒலி உடனே கேட்கும். மேடை ஸ்பீக்கரின் ஒலி பத்தில் ஒரு நொடி கழித்து வரும். ஒரு சொல் இரண்டு சொல்லாகிக் குழம்பும்.

பெட்டியில் டிலே என்ற வேலை இருக்கிறது. பின் ஸ்பீக்கரை அந்தப் பத்தில் ஒரு நொடி காக்க வைக்கலாம். இரண்டும் ஒன்றாக வந்து சேரும். மேடைக்கும் பின் ஸ்பீக்கருக்கும் உள்ள தூரத்தை அளந்து மீட்டரில் கொடுத்தால் போதும். பல பெட்டிகள் நேரக் கணக்கைத் தாமே போட்டுக்கொள்ளும். ஆனால் பின் ஸ்பீக்கருக்குத் தனி ஆம்ப்ளிபையர் வேண்டும். ஒரே கம்பியில் எல்லாக் குழாயையும் கட்டியிருந்தால் இது நடக்காது.

தடித்த ஒலிக்கு ஒரு ஸ்பீக்கர், மெல்லிய ஒலிக்கு ஒரு ஸ்பீக்கர் என்று பிரித்து அனுப்பும் வேலையும் பெட்டியில் உண்டு. கிராசோவர் என்பார்கள். பாட்டுக் கச்சேரிக்கு அது வேண்டும். கிராம சபைக்கு வேண்டாம்.

பெட்டி செய்யாதது

இந்தப் பெட்டி சத்தத்தைப் பெருக்காது. சிலர் அப்படி நினைத்து வாங்கி ஏமாறுகிறார்கள். சத்தம் வேண்டுமென்றால் வாட்ஸ் வேண்டும். அந்தக் கணக்கும் விசித்திரமானது. 100 வாட்ஸை 200 ஆக்கினால் சத்தம் இரண்டு மடங்கு ஆகாது. கொஞ்சம் கூடியது போலத்தான் தெரியும். காதுக்கு இரண்டு மடங்காகத் தெரிய 1,000 வாட்ஸ் வேண்டும். இன்னொரு ஆம்ப்ளிபையர் வாங்குவதை விட, இருக்கிற ஒலியைத் தெளிவாக்குவது செலவு குறைவு.

டைல்ஸ் ஒட்டிய மண்டபத்தில் ஒலி சுவரில் மோதி எதிரொலிக்கும். பெட்டியால் அதை நிறுத்த முடியாது. ஸ்பீக்கரை மக்களுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, சத்தத்தைக் குறைத்து வைப்பதுதான் வழி. அறுந்த ஒயரையும் பெட்டி ஒட்டாது. பாதிக் கோளாறு ஒயரில்தான்.

இன்னொன்று உயிர் சம்பந்தப்பட்டது. புதிதாக ஒரு பெட்டியை இணைத்ததும் சில சமயம் "ம்ம்ம்" என்று இரைச்சல் வரும். நம் மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைகிறது. அதன் இரைச்சல் அது. இரைச்சலை நிறுத்தச் சிலர் பிளக்கில் உள்ள எர்த் முள்ளை வெட்டிவிடுகிறார்கள். இரைச்சல் நிற்கும். ஆனால் கருவியில் மின்சாரம் கசிந்தால், மைக்கைப் பிடித்தவர் உடம்பு வழியாகப் பாயும். ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்பவர் பிழைப்பது கடினம். எர்த் முள்ளை வெட்டக் கூடாது. மிக்சர், பெட்டி, ஆம்ப்ளிபையர் மூன்றுக்கும் ஒரே பலகையிலிருந்து மின்சாரம் எடுத்தால் பெரும்பாலும் இரைச்சல் குறையும். அப்படியும் போகவில்லை என்றால் ஒலி போகும் ஒயரில் சிறு டிரான்ஸ்பார்மர் போட்டுப் பிரிக்கலாம். தெரிந்த எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

காதும் சட்டமும்

சத்தத்தை டெசிபல் என்ற அளவில் அளக்கிறார்கள். 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் இருப்பது காதுக்குக் கேடு. மூன்று டெசிபல் கூடினால் அந்த நேரம் பாதியாகிவிடும். இந்தக் கணக்கில் 100 டெசிபலுக்குக் கால் மணி நேரம்தான். விருந்தாளி ஒரு நாள் வந்து போவார். மைக் செட்காரர் தினமும் குழாய்க்கு அடியில் உட்காருகிறார். முதலில் போவது அவர் காது.

ஒலி மாசு பற்றிய மத்திய அரசு விதிகள் 2000ஆம் ஆண்டு வந்தன. திறந்த வெளியில் ஒலிபெருக்கி வைக்க அதிகாரியிடம் எழுத்து மூலம் அனுமதி வாங்க வேண்டும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வைக்கக் கூடாது. திருவிழாக்களுக்காக மாநில அரசு ஆண்டில் 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு 12 மணி வரை விலக்குத் தரலாம். மகாராஷ்டிரத்தில் பிள்ளையார் விழாவானாலும் வங்காளத்தில் துர்க்கை பூஜையானாலும் விதி ஒன்றுதான். குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்பது அளவு. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதியாகலாம். 2005ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றமும் இரவு நேரத் தடையை உறுதி செய்தது.

லிமிட்டரைக் கீழே இறக்கிப் பூட்டி வைத்தால் சத்தம் தானாகக் கூடாது. போலீஸ்காரர் வந்து செட்டைத் தூக்கிப் போகும் பயமும் குறையும்.

நோட்டில் எழுதுங்கள்

பெட்டிக்கு நினைவு உண்டு. ஒரு இடத்துக்கு அமைத்ததைச் சேமித்து வைக்கலாம். பள்ளிக்கூட மைதானம் ஒன்றாம் எண், கோயில் முற்றம் இரண்டாம் எண் என்று. அடுத்த முறை அந்த எண்ணை அழுத்தினால் பாதி வேலை முடிந்தது. மீதி வேலை காதால் சரிபார்ப்பது.

ஆனால் பெட்டி பழுதாகலாம். பையன் தெரியாமல் அழித்துவிடலாம். அதனால் ஒரு நோட்டிலும் எழுதி வையுங்கள். ஒரு மைக் செட்காரரின் நோட்டில் இப்படி இருக்கலாம்:

பள்ளிக்கூட மைதானம். கிராம சபை.
குழாய் 2. வேப்ப மரத்தில் கட்டாதே. மேடைக்கு முன்னால் கம்பம் நட்டுக் கட்டு.
அடி வெட்டு 300.
கூவியது 1,600. இறக்கியது 3.
கூவியது 2,500. இறக்கியது 4.
லிமிட்டர் பூட்டியாச்சு.
பின் வரிசையில் பாட்டியிடம் கேட்டது: கேட்கிறது என்றார்.